மடிப்பு விட்டுத் தைத்த அங்கி

தைத்தாள். அதை யார் இல்லையென்றது? அரண்மனைக் குழந்தை உயிரோடு சிரித்துக்கொண்டிருந்தபோதே, அதைப் புதைக்கும்போது போடவேண்டிய அங்கியைக் கிட்டேரியா தைத்து வைத்திருந்தாள். உண்மைதான். அதற்காக, நீரூற்றடியில் குடத்தை வைத்துவிட்டு பாஸ்குவாலா அளப்பதெல்லாம் உண்மையாகிவிடுமா? ஆட்டுக்குடல் விற்கிறவள் அவள். குடலை மூன்று தண்ணீரில் அலசுகிறாளே, அந்த வாயையும் ஒரு தண்ணீரில் அலசிக்கொண்டு வந்திருக்கலாம்.

“கிட்டேரியா உங்க பிள்ளைக்குச் சட்டை தைக்கறேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்கடி. அவ அளவெடுத்தா ஆறு மாசம்தான்” என்று பாஸ்குவாலா சொன்னாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் தங்கள் பிள்ளைகளுக்கு அவள் கையால் ஞானஸ்நான உடுப்பு வாங்கிப் போட்டவர்கள். மாட்ரிட்டில் எங்கள் லவபியெஸ் தெருவின் நன்றி அவ்வளவுதான்.

இன்னும் என்ன சொல்கிறார்கள்? தூங்கும் குழந்தையை நூல் வைத்து அளந்தாளாம். அளந்த நூலில் முடிச்சுப் போட்டு அதன் ஆயுளைக் கட்டினாளாம். பொய். கிட்டேரியா அந்தக் குழந்தையின் உடம்பில் நூலை வைத்ததே இல்லை. சாவுத் துணிக்கு உயிருள்ள உடம்பை அளக்கக்கூடாது என்று பாஸ்குவாலாவுக்குத் தெரிந்திருக்கும்போது, முப்பது வருஷம் ஊசி பிடித்தவளுக்குத் தெரியாதா? குழந்தையின், சலவைக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையை விரித்து, அதன்மேல்தான் நூலை ஓட்டினாள். கழுத்துக்கு ஒரு முடிச்சு, கைக்கு ஒரு முடிச்சு, உயரத்துக்கு ஒரு முடிச்சு. அந்த நூலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இப்போது முதலிலிருந்து கேளுங்கள்.

கிட்டேரியாவின் தாய் ஒலாயா, மலையடிவாரத்தில் ஒரு பிரபுவின் நிலத்தில் குடியிருந்தவள். அவளுக்குக் கிட்டேரியா பிறந்த அதே வாரம், பிரபுவின் வீட்டிலும் ஒரு பெண் பிறந்தது. பிரபுவின் மனைவிக்குப் பால் இல்லை. இருந்தாலும் கொடுக்கமாட்டார்கள், அது வேறு. ஒலாயா இரண்டு பேருக்கும் கொடுத்தாள். வலது பக்கம் பெரிய வீட்டுக் குழந்தைக்கு, இடது பக்கம் தன் குழந்தைக்கு. ஒலாயாவுக்கு வலது பக்கம்தான் பால் அதிகம். அந்தப் பெரிய வீட்டுக் குழந்தைதான் பிற்பாடு தோன்யா மென்சியா, அதாவது சீமாட்டி மென்சியா, ஆனவள்.

ஆறு வயதுவரை இரண்டு பேரும் ஒன்றாகக் கோழி விரட்டினார்கள். அதன்பிறகு மென்சியாவுக்குச் செருப்பு வந்தது, கிட்டேரியாவுக்கு ஊசி வந்தது. மென்சியா கல்யாணமாகி விதவையாகி, ராணிக்குப் பிறக்கும் குழந்தைகளின் அறைக்கும் துணிமணிக்கும் பொறுப்பாளியாக மாட்ரிட் அரண்மனையில் அமர்ந்தாள். அமர்ந்ததும் ஆள் அனுப்பிக் கிட்டேரியாவைக் கூப்பிட்டுக்கொண்டாள். அந்த நன்மையை மறைக்கவேண்டாம். அப்போது கிட்டேரியா கோவேறு கழுதைக்காரன் ஒருவனைக் கட்டி, அவனை மலைப்பாதையில் பறிகொடுத்து, பிள்ளையும் இல்லாமல் பிறர் வீட்டுப் படுக்கை விரிப்புகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். நம் தெருவில் மேல்மாடியில் ஓர் அறை எடுத்தாள். தினமும் காலையில் அரண்மனை ஏறுவாள், சாயங்காலம் இறங்குவாள்.

தையல் அறையில் கோரைப்பாய்மேல் ஆறு பெண்கள் சம்மணமிட்டு உட்கார்ந்து தைப்பார்கள். நடுவில் மெத்தைபோட்டு மென்சியா உட்கார்ந்து சாக்லேட் குடிப்பாள். எல்லார் முன்னாலும் கிட்டேரியாவைக் காட்டி, “நானும் இவளும் ஒரே பால் குடிச்சவங்க” என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் கிட்டேரியாவுக்கு முதுகு நிமிரும். ஏழைக்கு வேறென்ன சொத்து? அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவள் ஆறு வருஷம் வாழ்ந்தாள்.

ராணிக்கு முதலில் பிறந்த குழந்தை பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது ஆறு வாரம். நம் வீடுகளிலும் போகின்றன. எந்த வீட்டில் போகவில்லை? ஆனால் நம் வீட்டில் போனால் ஒரு வெள்ளைத்துணியைச் சுற்றி, தலையில் பூவைத்து, தோளில் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம். அரண்மனைக் குழந்தைக்கு அப்படி முடியாது. பிரான்சிஸ் சபைச் சாமியார்கள் போடும் சாம்பல் நிற அங்கியைத் தைத்து, இடுப்பில் முடிச்சுக் கயிறு கட்டி, அரச குடும்பத்தைப் புதைக்கும் எஸ்கோரியல் மடம் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். அந்த அங்கியோடு போனால் மேலே வாசலில் கேள்வி குறைவு என்று நம்புகிறோம் அல்லவா, அதை அரசர்கள் நம்மைவிட அதிகம் நம்புகிறார்கள். அவர்களிடம் கேட்க நிறைய இருக்கும்.

இரண்டாவது குழந்தை போனபோது அங்கி இல்லை. அவசரம் அவசரமாகச் சாமியாரின் பழைய அங்கி ஒன்றை வெட்டி, ஆறு பெண்களும் ஆளுக்கு ஒரு பக்கம் தைத்தார்கள். மடத்து வாசலில் சவப்பெட்டியைத் திறந்து, இன்ன குழந்தைதான் என்று பெரியவர்கள் சத்தியம் செய்து ஒப்படைக்கும் வழக்கம் உண்டு. திறந்தார்கள். அங்கியின் ஒரு கை தையல் விட்டுத் தோளோடு பிரிந்து கிடந்தது. வேற்று நாட்டுத் தூதர்கள் பார்த்துவிட்டார்கள். அரண்மனைப் பெரியவர் ஒருவர் மென்சியாவைக் கூப்பிட்டு, ஒரு பிச்சைக்காரன் பிள்ளைகூட இப்படிக் கிழிந்துபோய் சுவர்க்கத்துக்குப் போகாது என்றாராம். அன்றிலிருந்து மென்சியாவுக்கு அந்தப் பேச்சு முள்.

மூன்றாவது குழந்தை பையன். நல்ல கனம். பிறந்த மூன்றாம் நாள், மற்றப் பெண்கள் கொண்டைக்கடலைப் பானையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மென்சியா கிட்டேரியாவை ஜன்னல் பக்கம் கூப்பிட்டுச் சாம்பல் நிறத் துணி ஒன்றைக் கையில் வைத்தாள். தொட்டதும் கிட்டேரியாவுக்குப் புரிந்துவிட்டது. துணியைத் திருப்பிக் கொடுத்தாள். மாட்டேன் என்றாள். மென்சியா மறுநாள் கேட்டாள்; மாட்டேன். அதற்கடுத்த நாள் கெஞ்சினாள்.

“யாராவது பாத்துக் கேட்டா நான்தான் சொன்னேன்னு நான் சொல்லிக்கறேன்டி. உன்மேல ஒரு சொல் விழ விடமாட்டேன். ஒலாயா பால்மேல ஆணை.”

தன் தாயின் பால்மேல் ஆணை என்று இன்னொருத்தி சொன்னால், எந்த மகள் அதற்குமேல் நிற்பாள்? கிட்டேரியா துணியை வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டு ஒன்று கேட்டாள்.

“தைக்கறேன்மா. ஆனா அடியில நாலு விரல் துணி உள்ள மடிச்சுத்தான் தைப்பேன்.”

“சாவுத் துணிக்கு எதுக்குடி மடிப்பு? அது என்ன, வளரப்போவுதா?”

“அது வளராது. பிள்ளை வளரும்ல.”

மென்சியா சிரித்தாள். பைத்தியக்காரி என்று கன்னத்தைத் தட்டினாள். பாஸ்குவாலா இதையும் சேர்த்துச் சொல்லட்டுமே? வளர்கிற பிள்ளைக்குத் தைக்கிறவள்தான் ஓரத்தில் துணி விட்டுத் தைப்பாள். இவள் சாவு அங்கிக்கு விட்டுத் தைத்தாள். அந்தக் குழந்தை சாகவேண்டும் என்று நினைத்தவளின் கையா அது?

மூன்றாம் மாதம் குழந்தை நீண்டுவிட்டது. கிட்டேரியா பெட்டியிலிருந்து அங்கியை எடுத்து, ஓரத்தைப் பிரித்து, ஒரு விரல் அளவு இறக்கி மறுபடி தைத்தாள். ஆறாம் மாதம் இன்னொரு விரல். பிரிக்கும்போதெல்லாம் அவளுக்குள் ஒரு சந்தோஷம் வரும். தையல் வேலையில் பிரிப்பது என்றால் எல்லாருக்கும் வெறுப்பு. அவளுக்கோ அந்த ஒரு துணியைப் பிரிப்பது திருவிழா. இதோ இன்னும் மூன்று மாதம் ஜெயித்துவிட்டோம் என்பதுபோல.

குழந்தையைத் தாதிகள் தையல் அறைக்குத் தூக்கிவருவார்கள். இடுப்பில் பவளம், வெள்ளி மணி, கருங்கல்லில் செய்த குட்டிக் கைமுஷ்டி என்று கண்திருஷ்டிக்குக் கட்டிய கயிறு முழுக்கச் சாமான். நகர்ந்தால் மணியடிக்கும் ஆட்டுக்குட்டி போல இருக்கும். அந்தப் பெண்கள் அவனுக்கு வைத்த பெயர் சிட்டு. அரண்மனை வைத்த பெயர் ஒன்பது; ஒன்றும் அவர்கள் நாக்கில் நிற்கவில்லை. ஊசி குத்தாமலிருக்கக் கிட்டேரியா விரலில் மாட்டும் பித்தளை விரலுறை சிட்டுவுக்குப் பிடிக்கும். கையை நீட்டி அதைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வான். ஒன்பதாம் மாதம் ஒருநாள் பிடுங்கிக் கடித்தபோது டக்கென்று சத்தம் கேட்டது. பல். கிட்டேரியா அன்று சாயங்காலம் தெருவில் இறங்கும்போது எதிரே வந்தவர்களிடமெல்லாம் பல் முளைத்ததைச் சொன்னாள். பாஸ்குவாலாவிடமும் சொன்னாள். அது அவளுக்கு நினைவில்லையாம்.

அந்த வாரமே ஓரத்தை மூன்றாவது தடவை இறக்கினாள். இனி உள்ளே இருந்தது ஒரு விரல் துணிதான். மென்சியாவிடம் போய், ஒரு வயது முடிந்ததும் இதைப் பிரித்துவிடுகிறேன், சிட்டுவின் குளிர்காலச் சட்டைக்கு உள்துணியாகப் போட்டுவிடுகிறேன், உயிரோடு போடுகிற துணியாக மாறிவிட்டால் அதன் தோஷமும் போய்விடும் என்றாள். மென்சியா, சரி, பல்லெல்லாம் முளைத்து முடியட்டும் என்றாள்.

முடியவில்லை. ஆகஸ்டு வெயிலில் பல்லோடு வயிற்றுப்போக்கு வந்தது. வைத்தியர்கள் நான்கு பேர் வந்து நான்கு விதமாகப் பேசினார்கள். எந்த ஊரிலிருந்தோ ஒரு புனிதரின் எலும்பைக் கொண்டுவந்து தொட்டிலில் வைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் சிட்டு போய்விட்டான். ஒரு வயதுக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

கிட்டேரியா பெட்டியைத் திறந்து அங்கியை எடுத்துக் கொடுத்தாள். சரியாக இருந்தது. அதுதான் அவளை அறுத்தது. முதலிலேயே தாராளமாக வெட்டியிருந்த கழுத்தும் கையும் சரி, உயரம் பாதம்வரை சரி.

நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குழந்தை போனால் சாவுமணி கிடையாது, திருவிழா மணி. வெள்ளை உடுத்தவேண்டும். அழக்கூடாது, கண்ணீர் பட்டால் தேவதூதனாகிப் போகும் அந்தக் குட்டிச் சம்மனசின் இறக்கை நனைந்து பாரமாகிவிடும். ராணியைச் சுற்றிலும் நின்றவர்கள் அதையே சொல்லிச் சொல்லி அவளை அழவிடவில்லை. வேற்று நாட்டிலிருந்து வந்த பெண், இருபத்திரண்டு வயது, மூன்றாவது பிள்ளை. அழவும் முடியாமல், பேசவும் முடியாமல், அவள் குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதத்தோடு அங்கியின் ஓரமும் அவள் கையில் இருந்தது.

எல்லாரும் மறந்தது ஒன்று உண்டு. அந்த ராணி கன்னிகாஸ்திரிகளிடம் வளர்ந்தவள். ஊசி தெரிந்தவள்.

விரலால் ஓரத்தைத் தடவினாள். திருப்பினாள். பிரித்த மடிப்பின் கோடு ஒன்று. அதற்குமேல் ஒன்று. அதற்கும்மேல் ஒன்று. ஒவ்வொரு கோட்டிலும் பழைய ஊசித் துளைகள் எறும்பு வரிசைபோல. நேற்றைக்குத் தைத்த துணியில் மூன்று பழைய கோடு எப்படி வரும்? அப்போதுதான் மென்சியா அவளிடம், தையல்காரிகள் கண்ணீரோடு உட்கார்ந்து விடிவதற்குள் தைத்து முடித்தார்கள் என்று சொல்லியிருந்தாள்.

தைத்த கை யாருடையது என்று விசாரித்துக் கிட்டேரியாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அரண்மனையில் ஆறு வருஷம் இருந்தும் ராணியின் அறைக்குள் அவள் போனதில்லை. சுவரோரமாகச் சீமாட்டிகள் நின்றார்கள். ராணிக்கு வலப்பக்கம் மென்சியா.

ராணி எங்கள் பேச்சைத் தடவித் தடவித்தான் பேசுவாள். “இது எப்போ தைச்சது?” என்றாள்.

கிட்டேரியா பொய் சொல்லவில்லை. பிறந்த வாரத்தில் என்றாள்.

அறையில் ஒருத்தி முணுமுணுத்தபடி சிலுவை போட்டுக்கொண்டாள். ராணி, யார் சொல்லித் தைத்தாய் என்று கேட்டாள்.

கிட்டேரியா பதில் சொல்லவில்லை. பயத்தினால் இல்லை. அந்தப் பதில் அவளுடையது இல்லை. வாக்குக் கொடுத்தவள் அங்கேயே, நாலு அடியில் நிற்கிறாள். அவள் சொல்லவேண்டும், அவள்தான் சொல்வாள் என்று கிட்டேரியா மென்சியாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த அறையில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வாக்கியம். ‘நான்தான் சொன்னேன்.’ அதைச் சொன்னால் மென்சியாவுக்கு என்ன போயிருக்கும்? ஒரு திட்டு, அரண்மனையை விட்டு ஒரு வருஷம் தன் சொந்த ஊர் மாளிகையில் இருப்பது. கிட்டேரியாவுக்கோ அதுதான் எல்லாம்: பிள்ளையைக் கொன்றவள் என்ற பெயரா, சொன்ன வேலையைச் செய்தவள் என்ற பெயரா என்பது.

மென்சியா வாயைத் திறந்தாள்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மகாராணி. இவளாவே தைச்சு வெச்சிருக்கா. கிராமத்துக்காரி. அவங்களுக்கு இந்த மாதிரி என்னென்னவோ பழக்கம் உண்டு.”

கிட்டேரியாவுக்கு முதலில் புரியவில்லை. வேறு யாரையோ பற்றிச் சொல்கிறாள் என்று நினைத்தாள். இருவரும் பிறந்தது ஒரே கிராமம். அந்தப் பழக்கம் எதுவும் கிராமத்தில் இல்லை என்பது மென்சியாவுக்குத் தெரியும். புரிந்ததும், முப்பது வருஷமாகச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். தோன்யாவும் இல்லாமல் அம்மாவும் இல்லாமல், கோழி விரட்டிய காலத்தில் கூப்பிட்டதுபோல், “மென்சியா, நீ சொல்லலையா?” என்றாள்.

அவ்வளவுதான். சுவரோரம் நின்ற சீமாட்டிகள் தேனீக்கூடு கலைந்தது போல இரைந்தார்கள். பிறகு யாரும் அங்கியைப் பற்றிப் பேசவில்லை. ஒரு தையல்காரி பிரபு வீட்டுப் பெண்ணைப் பெயர்சொல்லி நீ என்று கூப்பிட்டதுதான் பேச்சு. குற்றமே அதுவாகிவிட்டது.

ராணி மட்டும் கையை உயர்த்தி, “இந்த மடிப்பு எதுக்கு விட்டே?” என்று கேட்டாள்.

“வளருவார்னுதாம்மா.”

ராணி அந்த ஓரத்தின் மூன்று கோடுகளையும் மறுபடி விரலால் தடவினாள். அவளுக்குப் புரிந்தது; கிட்டேரியா சத்தியம் செய்வாள் புரிந்தது என்று. ஊசி தெரிந்தவளுக்கு எப்படிப் புரியாமல் போகும்? ஆனாலும் பக்கத்தில் நின்றது பெரிய குலத்துப் பெண், எதிரே நின்றது மலையடிவாரத்துக்காரி. ராணி முகத்தைத் திருப்பிக்கொண்டு, இவள் நாளையிலிருந்து வரவேண்டாம் என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மெதுவாகச் சொன்னால் கழுத்து அறுபடாதா?

மறுநாள் காலையில் கிட்டேரியா சாமான்களை எடுக்கப் போனாள். கத்தரி, மெழுகு, ஊசிக்குழல், விரலுறை. விரலுறையில் சிட்டுவின் பல் பட்ட சின்னக் குழி ஒன்று இருந்தது. மற்ற ஐந்து பெண்களும் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். மென்சியா வந்து அவர்களை வெளியே அனுப்பிவிட்டு, மெத்தையில் உட்காராமல், கோரைப்பாயிலேயே கிட்டேரியாவின் எதிரில் உட்கார்ந்தாள். கையில் சீமை மாதுளம்பழ மிட்டாய் ஒரு பெட்டி. கண் சிவந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள் என்று கிட்டேரியா நினைத்தாள். பாவம், நினைத்தாள். அந்த நிமிஷம் கேட்டிருந்தால் கொடுத்தும் இருப்பாள்.

மென்சியா பெட்டியைத் தள்ளிவைத்து, குரலைத் தாழ்த்தினாள். ராணிக்கு மறுபடி மூன்று மாதம் என்றாள். அடுத்தது பிப்ரவரியில். நீ போய்விட்டால் அந்தக் கை யாருக்கு வரும்? மற்றவர்கள் தைத்தால் மறுபடி தோள் பிரியும். போவதற்கு முன்னால் ஒன்று தைத்துக் கொடுத்துவிட்டுப் போ. இல்லையென்றால் அந்த முடிச்சு நூலையாவது கொடு, அளவாவது இருக்கட்டும்.

கிட்டேரியா அழவில்லை.

“தைக்கறேன்” என்றாள். “இப்பவே உள்ள போயி, நான்தான் சொன்னேன்னு ராணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. வந்ததும் உக்காந்து தைக்கறேன்.”

மென்சியா கதவைப் பார்த்தாள். ராணியின் அறை நாற்பது அடி தூரம். எழுந்திருக்கவில்லை.

“உனக்குப் புரியாதுடி. என் நிலைமை வேற.”

“புரியுது. வலது பக்கம் குடிச்சவ நீ.”

பிறகு கிட்டேரியா மடியிலிருந்து அந்த நூலை எடுத்தாள். மெழுகு ஏறிய முடிச்சு, எளிதில் அவிழாது. ஊசி முனையால் நெம்பினாள். கழுத்து முடிச்சை அவிழ்த்தாள். கை முடிச்சை அவிழ்த்தாள். உயரத்து முடிச்சு நான்கு இருந்தது, மூன்று மூன்று மாதத்துக்கு ஒன்றாக, ஒவ்வொன்றையும் அவிழ்த்தாள். அவிழ்த்து முடித்ததும் நூலை நீவி, அளவே இல்லாத வெறும் நூலாக, மென்சியாவின் மடியில் வைத்தாள். மிட்டாய்ப் பெட்டியைத் தொடவில்லை.

வெளியே எல்லாக் கோயில்களிலும் திருவிழா மணி அடித்துக்கொண்டிருந்தது, சிட்டுவைக் கொண்டுபோகிறார்கள். கிட்டேரியா விரலுறையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேலைக்காரிகள் போகும் பின்வாசலை விட்டுவிட்டு, முன்வாசல் கதவைத் தானே இழுத்துத் திறந்து இறங்கிப்போனாள்.